ஆறு சீலையும் ஒரு பின்னேரமும்

சரவணை, வேலணை.
06.07.2025, ஞாயிறு.

என்றும் அன்புக்குரிய நிசாந்தனுக்கு,

நயினை அம்மாளாச்சியின்ர காவலில நானும் அம்மாவும் சுகமா இருக்கிறம். உங்கட சுகத்தை முதல் வரியில விசாரிக்கிறதுதான் முறை. இந்தமுறை அதைக் கொஞ்சம் பிந்தித்தான் கேக்கப்போறன், குறை நினைக்காதேங்கோ.

இந்தக் காலத்தில ஆர் கடிதம் எழுதுகினம் எண்டு சிரிப்பீங்கள். சிரியுங்கோ. போனில கதைச்சால் இடையில வெட்டிப்போடுறீங்கள். புதன்கிழமை வெட்டினீங்கள், வெள்ளிக்கிழமை எடுக்கவே இல்லை. கடிதத்தை வெட்ட ஏலாது. கிழிக்கிறதெண்டாலும் ஒருக்கா வாசிச்சுப்போட்டுத்தான் கிழிப்பீங்கள். நயினாதீவுத் திருவிழாவுக்கு வந்து நிக்கிற இறுப்பிட்டி ஜெகதீஸ் அண்ணை சனிக்கிழமை சுவிஸுக்குத் திரும்புறார். உங்கட கையில நேர குடுக்கவேணும், வேற ஆரிட்டையும் குடுத்துவிடப்படாது எண்டு அவரிட்ட வாக்கு வாங்கியிருக்கிறன். மனுசன் என்னத்தையோ நினைச்சுச் சிரிச்சார். காதல் கடிதம் எண்டு நினைச்சிருப்பார், பாவம்.

24ஆம் திகதி வியாழக்கிழமை காலமை பத்து மணிக்கு நான் விசாவுக்குக் கொழும்பில சுவிஸ் தூதரகத்தில நிக்கவேணும். நாங்கள் குடுத்த ஆறு படங்களின்ர திகதிகளை நம்ப ஏலாமல் இருக்காம். அதால இது உண்மையான கலியாணந்தானோ எண்டு என்னை நேர விசாரிக்கப்போகினமாம். அண்டைக்கு நான் சொல்லுற பதிலிலதான் எல்லாம் கிடக்கு. அவையள் இல்லை எண்டால் இல்லைதான், பிறகு எத்தினை வருசம் இழுபடுமோ தெரியாது. இது உங்களுக்கும் தெரிஞ்ச கதை. தெரியாததைச் சொல்லத்தான் இருந்து எழுதுறன்.

படத்தில என்ன பிழை எண்டு நான் ஒரு கிழமையா மண்டையைப் போட்டு உடைச்சனான். ஆறையும் மேசையில பரப்பி வைச்சு, நிழல் ஒத்துவருதோ, சேலை மாறியிருக்கோ, பின்னால கட்டின சீலையில சுருக்கம் தெரியுதோ எண்டு கண்ணாடி வைச்சுப் பாத்தன். ஒரு பிழையும் இல்லை. என்ர வேலையில பிழை பிடிக்க ஏலாது எண்டு எனக்கு உள்ளுக்க ஒரு பெருமையும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேணும்.

வெள்ளிக்கிழமை ஊர்காவற்றுறையில இருந்து செபஸ்தியம்மா பேத்திக்குப் புதுநன்மைப் படம் எடுக்க வந்தவ. பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை. கோயில் மாதிரிப் பின்னால வேணும் எண்டு கேட்டா. நான் கட்டில் விரிப்பை ஈரத்தோட அழுத்திக் கயிற்றில கிளிப் குத்தித் தொங்கவிட்டு, பக்கத்தில மெழுகுதிரி ரெண்டு வைச்சுக் குடுத்தன். பிள்ளை சிரிக்கமாட்டன் எண்டு அடம். அதைச் சரிக்கட்டிக்கொண்டு நிக்கேக்க செபஸ்தியம்மா மேசையில கிடந்த எங்கட படங்களைப் பாத்துக்கொண்டு நிண்டவ. பாத்துப்போட்டுச் சொன்னா: "ஏன் பிள்ளை, உம்மட மனுசன் எப்பவும் மொட்டைதானோ? ஆறு படத்திலயும் தலை ஒரே மாதிரிக் கிடக்கு."

நான் பிள்ளையை விட்டுப்போட்டு வந்து ஆறையும் திரும்ப ஒருக்கா பாத்தன். நீங்கள் பாக்கேல்ல, நான் பாக்கேல்ல, மாமி பாக்கேல்ல, அம்மா பாக்கேல்ல. எங்கட ஆக்களுக்குத் தகப்பனுக்குக் கொள்ளி வைச்ச பிள்ளையின்ர தலை அப்பிடித்தான் இருக்கும். அது கண்ணில படாது. மழிக்கிற வழக்கம் இல்லாத வேதக்காரச் சனத்துக்கு ஒரு பார்வையில தெரிஞ்சுபோச்சு. தூதரகத்தில படத்தைப் பாத்த வெள்ளைக்காரிக்கும் அப்பிடித்தான் தெரிஞ்சிருக்கும்.

இதைச் சொல்லத்தான் வெள்ளிக்கிழமை எடுத்தனான். நீங்கள் எடுக்கேல்ல. புதன்கிழமை நீங்கள் சொன்னது, படத்தில என்ன கேட்டாலும் வெவ்வேற நாள் எண்டே நில்லும் எண்டு. நிண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும், சொல்லுங்கோ. முழுப் பூசணிக்காயைச் சோத்துக்க மறைக்கப்போய், அதுக்குத் தொப்பியும் போட்ட கதையாத்தான் முடிஞ்சிருக்கும்.

அதால நான் அங்க என்ன சொல்லப்போறன் எண்டு இப்ப உங்களுக்கு ஒருக்கா சொல்லிப் பாக்கிறன். பிழை இருந்தால் திருத்துங்கோ.

இவரை எனக்குக் கலியாணம் பேசினது 2021 மார்கழியில. கோயில் வீதியில ரெண்டு பக்கத்துச் சனமும் காவலுக்கு நிக்கப் பத்து நிமிசம் கதைச்சம். அண்டைக்கு இவருக்குக் கழுத்தை முட்டுற தலைமயிர். கண்ணில விழுற மயிரை ஊதி ஊதித்தான் என்னோட கதைச்சார். நான் சிரிப்பை அடக்க ஏலாமல் குனிஞ்சுகொண்டு நிண்டன், வெக்கம் எண்டு எல்லாரும் சந்தோசப்பட்டவை. அடுத்த வருசம் ஆடியில வந்தார். இறுப்பிட்டியில மாமி வீட்டில ஒரு பகல் முழுக்க இருந்து கதைச்சம். அண்டைக்குத்தான் இவரைத்தான் கட்டுறது எண்டு நான் முடிவெடுத்தனான், ஊர் முடிவெடுத்தது அதுக்கு முன்னமே. இந்த ரெண்டு முறையும் ஒரு படம் எடுக்கேல்ல. கலியாணத்துக்கு முன்னம் சோடியாப் படம் எடுக்கிறது எங்கட வீடுகளில வழக்கம் இல்லை.

2023 மாசியில நாள் பாத்துக்கொண்டிருக்கேக்க மாமா குலசிங்கம் திடீரெண்டு மோசம்போயிட்டார். இவர் மூத்த பிள்ளை, ஓடிவந்து கொள்ளி வைச்சார். முப்பத்தோராம் நாள் கீரிமலையில அந்தியேட்டி, தலை மழிச்சது அங்கதான். தகப்பன் செத்த ஆண்டுக்குள்ள தாலி கட்டப்படாது. லீவும் முடியப்போகுது. அதால எழுத்தை மட்டும் முடிப்பம் எண்டு முப்பத்தைஞ்சாம் நாள் பதிவுகாரர் வீட்டு விறாந்தையில ரெண்டு சாட்சியோட கையெழுத்து வைச்சம். மாலை இல்லை, மேளம் இல்லை, படக்காரன் இல்லை. தாலி ஏறாமல் ஒரு வீட்டில இருக்கிறேல்ல எண்டு அவர் இறுப்பிட்டிக்குப் போனார், நான் சரவணைக்கு வந்தன். சட்டத்துக்குக் கலியாணம் முடிஞ்சுது, ஊருக்கு முடியேல்ல. ஆண்டுத்திவசத்துக்கு வந்து தாலி கட்டுறன் எண்டவர். அது போய் அடுத்த திவசமும் முடிஞ்சுபோச்சு.

இவ்வளவும் உண்மை. இதில ஒரு சொல்லுக்கும் நான் பயப்படத் தேவையில்லை. பொய் அதுக்குப் பிறகுதான் தொடங்குது.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும், நீங்கள் வெளிக்கிட முதல்நாள். யாழ்ப்பாணத்தில படிவம் நிரப்பிற தியாகலிங்கம் மாமா சொன்னவர், ஒருநாள் படம் காணாது, வந்துபோன மூண்டு முறையும் எடுத்த மாதிரி மூண்டு காலத்துப் படம் வேணும் எண்டு. உங்களுக்கு முகம் செத்துப்போச்சு. எனக்கோ ஒரே புழுகம். அப்பத்தான் எங்கட முன்னறையில ஐடென்ரிக் காட்டுக்கும் பிறந்தநாளுக்கும் படம் எடுக்கத் தொடங்கியிருந்தன். இதென்ன பெரிய வேலை எண்டு நான்தான் சொன்னன். நீங்கள் சொல்லேல்ல. அந்தப் பிழை என்ர.

அம்மாவின்ர நீலச் சேலையைக் கட்டி அதை மங்கலாக்கினன், கடற்கரை வானமாப்போச்சு. மண்ணிறச் சேலை ஒண்டைக் கட்டி முன்னால ஒரு வாழைக்குட்டியை வைச்சன், சாப்பாட்டுக்கடைத் தோட்டம். சாம்பல்நிறக் கட்டில் விரிப்பு ஒரு ஸ்ரூடியோ. சாக்கைப் பிரிச்சுத் தைச்சுத் தொங்கவிட்டது ஒண்டு, மழைக்குக் கட்டுற பச்சைப் படங்கில பூவரசங்குழை குத்தினது ஒண்டு, வேட்டியை இழுத்துக்கட்டி வெள்ளைச் சுவராக்கினது ஒண்டு. சீலைக்கும் ஆளுக்கும் நாலடி விடவேணும், இல்லாட்டி நிழல் விழுந்து காட்டிக்குடுத்திடும். ஒவ்வொருக்காவும் நாலடி எண்ணி உங்களை நிப்பாட்டினன். நீங்கள் ஆறு சேட் மாத்தினீங்கள், நான் ஆறு சேலை மாத்தினன். மூண்டு மணிக்குத் தொடங்கி அஞ்சரைக்கு முடிச்சம். மூண்டு வருசத்தை ரெண்டரை மணித்தியாலத்தில முடிச்ச கெட்டிக்காரி எண்டு என்ர கன்னத்தில தட்டினீங்கள். நீங்கள் என்னைத் தொட்டது அது ஒருக்காத்தான்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு எண்டு சும்மாவோ சொன்னவை.

அந்தப் படங்கள் எடுத்த நேரத்தோட இப்பவும் என்ர போனில கிடக்கு. கொழும்புக்குப் போகேக்க போனையும் கொண்டுபோவன், ஆறு சீலையையும் பையில கொண்டுபோவன், மாமாவின்ர அந்தியேட்டிக்குக் கீரிமலையில எடுத்த படத்தையும் கொண்டுபோவன். கலியாணம் உண்மை, படம் பொய், பொய் செய்தது நான், கேக்கிறதை என்னட்டக் கேளுங்கோ எண்டு சொல்லுவன். இதுக்கு உங்கட அனுமதி கேக்கேல்ல. சொல்லிப்போட்டுச் செய்யவேணும் எண்டதால சொல்லுறன்.

ஆனா அதோட விடமாட்டினம். அடுத்த கேள்வி உங்கட வீடு. படிவத்தில ரெண்டு அறையும் குசினியும் எண்டு கிடக்கு, வாடகை ஒப்பந்தமும் வைச்சிருக்கிறம். யன்னல் எந்தப் பக்கம், கட்டிலுக்குப் பக்கத்தில என்ன கிடக்கு, கதவைத் திறந்தால் முதல் என்ன தெரியும் எண்டு கேப்பினமாம். தியாகலிங்கம் மாமா சொல்லித்தான் விட்டவர். நான் யோசிச்சுப் பாத்தன். எனக்கு ஒண்டும் தெரியாது. ரெண்டு வருசமா உங்களோட முகம் பாத்துக் கதைக்கிறன், உங்களுக்குப் பின்னால இருக்கிற அந்த மஞ்சள் திரையைத் தவிர உங்கட வீட்டில ஒண்டையும் நான் கண்டதில்லை.

நிசாந்தன், அது திரை இல்லை. எனக்குத் தெரிஞ்சு கன நாளாச்சு. யன்னல் திரை எண்டால் மடிப்பு மேலயிருந்து கீழ விழும். அதில குறுக்கையும் நெடுக்கையும் கோடு கிடக்கு. கடைப் பொதியில இருந்து எடுத்த விரிப்பை அழுத்தாமல் கட்டினால்தான் அப்பிடி விழும். கிழமைக்கு நாலு பேருக்கு நான் சொல்லிக்குடுக்கிற பாடம் அது. கொல்லன் தெருவில ஊசி விக்கிறீங்களே அப்பா. அதோட நீங்கள் சீலைக்கு ஒட்டிக்கொண்டு இருக்கிறீங்கள். நாலடி தள்ளியிருக்க அங்க இடம் இல்லையோ?

முதல் நான் என்ன நினைச்சிருப்பன் எண்டு உங்களுக்கு விளங்கும். பின்னால ஒருத்தி இருக்கிறாள் எண்டு நினைச்சன். நினைச்சு அழுதன், மனசுக்குள்ள உங்களை ஏசினன், உங்களோட ஒரு கிழமை சுகமில்லை எண்டு பொய் சொல்லிக் கதைக்காமல் விட்டன். பிறகொருநாள் அந்தச் சீலைக்குப் பின்னால ஒரு ஆம்பிளை இருமினார். இன்னொருநாள் சட்டி விழுந்து உருண்டுது, ஆரோ விளங்காத பாசையில பெரிசா ஏசினான். டீவி எண்டு சொன்னீங்கள். நான் ஓம் எண்டன். அந்த ஓமுக்காக இப்ப வெக்கப்படுறன்.

போன கிழமை மாமி வந்தவ. அந்த வீட்டைப்பற்றி நான் மெல்லக் கேட்டன். என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, அவனைப் போட்டுக் கிண்டாத பிள்ளை எண்டு மட்டும் சொன்னா. மாமிக்குத் தெரியும். தாய்க்குச் சொல்லலாம், எனக்குச் சொல்ல ஏலாது. அதுதான் எனக்குப் பொல்லாத கோவம்.

நான் நினைக்கிறதைச் சொல்லட்டோ. மாமாவின்ர செத்தவீட்டுக்கு லீவை நீட்டி நீட்டி நிண்டதில அங்க நீங்கள் செய்த வேலை போயிருக்கும். நீங்கள் ஏதோ ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினிக்குப் பின்னால நாலைஞ்சு பேரோட ஒரு அறையில கிடக்கிறீங்கள். ஒப்பந்தத்தில இருக்கிற வீடு ஆரோ ஒருத்தரின்ர வீடு. பிழையெண்டால் திட்டுங்கோ, சந்தோசமாக் கேப்பன். கழுத்தெலும்பு தெரிய மெலிஞ்சுபோனீங்கள், அதையும் வேலை கூட எண்டு சொன்னீங்கள். இப்ப கேக்கிறன், சுகமா இருக்கிறீங்களோ? உண்மையா?

எனக்காகத்தான் மறைச்சீங்கள் எண்டு சொல்லப்போறீங்கள். தெரியும். நானும் வடிவா இருக்கவேணும் எண்டுதான் அண்டைக்கு ஆறு சீலை கட்டினனான். ஒருத்தரும் கெட்ட எண்ணத்தோட கட்டேல்ல. ஆனா ஒரு அந்நியப் பொம்பிளை என்னைப் பாத்து, உன்ர புருசனை உனக்குத் தெரியுமோ எண்டு கேக்கேக்க, நான் எந்த நிசாந்தனைத் தெரியும் எண்டு சொல்லுறது?

24ஆம் திகதிக்கு முன்னம் அந்த விரிப்பைக் கழட்டிப்போட்டு, அது மறைச்சுக்கொண்டிருந்த இடத்தை ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ. வெளிச்சம் பாக்கவேண்டாம், ஒழுங்காக்கவேண்டாம், ஊத்தை உடுப்புக் கிடந்தால் கிடக்கட்டும். நான் அதைத் தூதரகத்தில காட்டமாட்டன். வீட்டைப்பற்றி என்ன சொல்லுறதெண்டதை நீங்களே முடிவெடுங்கோ. இல்லாத வீட்டுக்கு மட்டும் நான் யன்னல் வைக்கமாட்டன், கேட்டால் தெரியாது எண்டு சொல்லிப்போட்டு வந்திடுவன். எனக்கு நீங்கள் எங்க படுத்தெழும்புறீங்கள் எண்டு தெரியவேணும், அவ்வளவுதான்.

புதன்கிழமை வெட்டமுதல் நீங்கள் ஒண்டு சொன்னீங்கள். "நீர் வாயைத் திறந்தால் என்ர விசாவும் போகும். நான் பெட்டி கட்டவேண்டியதுதான்." அதை ஒரு வெருட்டலாத்தான் சொன்னீங்கள். நான் வெருளேல்ல. சொன்ன அந்த ஒரு கணம், இஞ்ச வந்திடுவீங்கள் எண்டு எனக்குச் சந்தோசமாக் கிடந்தது. பிறகு அதை நினைச்சுப் பயந்துபோனன், ஒரு மனுசன்ர பன்ரெண்டு வருசப் பாட்டை ஒரு நிமிசச் சந்தோசத்துக்கு விக்கப்பாக்கிறனோ எண்டு. இவ்வளவு நாளும் நானும் சுவிஸ் எண்டுதான் கனவு கண்டனான், இல்லை எண்டு சொல்லேல்ல. ஆனா கனவில வந்த எந்த வீட்டிலயும் நீங்கள் இப்பிடி மெலிஞ்சிருக்கேல்ல.

வந்தால் ஊர் சிரிக்கும். நாலுநாள் சிரிக்கும், பிறகு ஆராவது காணிச் சண்டை பிடிப்பினம், அங்க பாக்கப் போயிடும். இஞ்ச உங்களுக்கு என்ன வேலை எண்டு எனக்குத் தெரியாது. பொய்யாச் சொல்லி ஆசைகாட்டமாட்டன். என்ர முன்னறைக்கு நயினாதீவில இருந்தும் புங்குடுதீவில இருந்தும் சனம் வருகுது, எங்கட ரெண்டு பேருக்கும் கஞ்சிக்குக் குறைவிராது எண்டு மட்டும் தெரியும். வாங்கோ எண்டு நான் எழுதேல்ல. வரவேண்டாம் எண்டும் எழுதேல்ல. எழுதாததை வாசிக்கத் தெரியாத ஆள் இல்லை நீங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கோ. அம்மாளாச்சி உங்களைக் கைவிடமாட்டா, நானும் விடமாட்டன்.

இத்தினை நாளும் உங்களுக்கு அனுப்பினதிலெல்லாம் வதனி எண்டு மட்டும்தான் போட்டனான். தாலி ஏறாமல் மற்றச் சொல்லை எழுத எனக்குக் கூச்சம். 24ஆம் திகதி அதை முன்பின் தெரியாத ஒருத்திக்கு முன்னால சத்தமாச் சொல்லவேணும். அதுக்கு முதல் உங்களிட்ட ஒருக்கா எழுதிப் பாக்கிறன்.

உங்கட பெண்சாதி,
பிரியவதனி நிசாந்தன்